ஹெவி மெட்டலில் புதுசாகச் செய்ய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

கேள்வி இதுதான். கும்பகோணத்தில் நாலு பேர் கொண்ட மெட்டல் குழு: இரண்டு கிடார், பேஸ், டிரம்ஸ். கூடவே நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற நண்பர்கள் இருவர். "மெட்டலில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்களே, இனி புதுசு என்று ஒன்று உண்டா? நாதஸ்வரத்தைச் சேர்த்தால் அது புதுமையா, இல்லை வெறும் ஃபியூஷனா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இடம் நிறையவே இருக்கிறது. ஆனால் மெட்டல்காரர்கள் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் இல்லை. இன்னும் வேகம், இன்னும் கனம், இன்னும் சத்தம் என்ற மூன்று பாதைகளும் கிட்டத்தட்ட முட்டுச்சந்துக்கு வந்துவிட்டன. மிச்சமிருப்பது தாளக் கணக்கிலும், சுருதிக்கும் டிஸ்டார்ஷனுக்கும் (கிடார் ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்குவது) உள்ள உறவிலும்தான். அந்த இரண்டிலும் டெல்டாக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஆள் இருக்கிறது.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். 1986-இல் மெட்டாலிகாவும் ஸ்லேயரும் த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகையின் உச்சத்தைத் தொட்டார்கள். அடுத்த வருடமே நேபாம் டெத் ஒரு வினாடி சொச்சத்தில் முடிகிற பாட்டைப் போட்டுக் கதையை முடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த வேகமெல்லாம் தசைப் பயிற்சிதான். வினாடிக்குப் பதினாறு அடி என்ற எல்லைக்கு மேல் போனால் காதுக்கு அது அடியாகவே கேட்காது, ஒரு உறுமலாகிவிடும்.

கனத்துக்கும் இதே கதைதான். பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி, பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். (விரலில் கூடு மாட்டி வாசிப்பது தவில்காரர்களுக்குப் புதுசில்லை.) கம்பி தளர்வாக இருந்தால் அந்த விரலுக்குச் சுலபம் என்பதால் 1971-இல் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். நம் சுருதி அளவான கட்டைக் கணக்கில் சொன்னால் 3 கட்டையிலிருந்து 1½ கட்டைக்கு. அங்கே தொடங்கிய இறக்கம் இன்னும் நிற்கவில்லை. சாதாரண ஆறு கம்பி கிடாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், எட்டு கம்பி கிடாரில் 46, ஒன்பது கம்பியில் 35-க்குப் பக்கம். ஆனால் மெட்டல்காரர்கள் விரும்புகிற செலெஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் வேலை செய்வது 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது அந்த அடிச்சுரத்தின் ஆதார அதிர்வை ஸ்பீக்கரே சரியாகக் கொடுப்பதில்லை. நாம் கேட்பது அதன் மேல் அதிர்வுகளை மட்டுமே, மிச்சத்தை பேஸ் கிடார்தான் நிரப்புகிறது. இன்னும் இரண்டு சுரம் இறக்கிக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை.

சத்தம்? 2008-இல் வந்த மெட்டாலிகாவின் இசைத்தட்டு, ஒலி நசுங்கும் அளவுக்கு ஏற்றப்பட்டது என்று ரசிகர்களே கொதித்தார்கள். இன்று ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்திவிடுகிறது. ஏற்றி அனுப்பினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் உங்களிடம் மிஞ்சும்.

"மெட்டல் தேங்கிவிட்டது" என்று தோன்றுவதற்கு இசையைவிடப் பதிவு முறைதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. எல்லோரும் ஒரே ஆம்ப் மென்பொருள், ஒரே டிரம் சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த அடியோசை), எல்லா அடியையும் கட்டத்தில் நேராகத் தட்டி வைக்கிற ஒரே குவாண்டைஸ். ஜகார்த்தாவில் பதிந்தாலும் சென்னையில் பதிந்தாலும் ஸ்நேர் டிரம் ஒரே ஸ்நேர்தான். குழுவின் பெயரை மறைத்துவிட்டால் யாரென்றே தெரியாது.

அடுத்து, நாதஸ்வரம் சேர்த்தால் புதுமையா என்ற கேள்வி. வெளியூர் வாத்தியத்தை மெட்டலில் சேர்ப்பது பழைய கதை. பிரேசிலின் செபுல்துரா 1996-இலேயே சவாந்தே பழங்குடியினரோடு பதிந்தார்கள். மங்கோலியாவின் தி ஹூ குதிரைத்தலை பிடிலும் தொண்டைப் பாட்டுமாக உலகம் சுற்றுகிறார்கள். டெல்லியின் பிளடிவுட் டோல் வாசிக்கிறார்கள். 1992-இல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா வடமொழி மந்திரங்களை டெத் மெட்டலில் வைத்திருக்கிறார்கள். ஆகவே, பாட்டின் ஆரம்பத்தில் எட்டு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) நாதஸ்வரம், பிறகு வழக்கமான ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சிறு கிடார் வரி), நடுவில் ஒரு தவில் தனி என்று போட்டால் அது கல்யாண ரிசப்ஷன் ஃபியூஷன்தான். வாத்தியம் மாறியிருக்கும், யோசனை மாறியிருக்காது. நாதஸ்வரத்தை எடுத்துவிட்டாலும் அந்தப் பாட்டு அப்படியே நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். நிற்கிறது என்றால் நாதஸ்வரம் வெறும் ஜோடனை.

இனி தாளம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கடந்த முப்பது வருடத்தில் மெட்டலில் நடந்த பெரிய மாற்றம் ஸ்வீடனின் மெஷுகா கொண்டு வந்தது. 1995-இல் வந்த தட்டிலேயே அது தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் முறை இப்படி: டிரம்மரின் சிம்பல் நேரான நாலு நாலாக அடிக்கிறது, சர்வலகு (தாளத்தோடு நேராகப் போகிற வாசிப்பு) மாதிரி. கிடாரும் கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) அதன்மேல் ஏழோ பதினொன்றோ பதிமூன்றோ மாத்திரை (அடியின் சிறு பங்கு) நீளமுள்ள சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. சொற்கட்டு ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து நழுவிக்கொண்டே போகும். எட்டு பார் முடியும்போது சொற்கட்டு பாதியில் நிற்கும். பெரும்பாலும் அவர்கள் செய்வது என்னவென்றால், மிச்சத்தை அப்படியே வெட்டிவிட்டு சமத்திலிருந்து (தாளத்தின் முதல் அடி) மறுபடி தொடங்குவது.

இதைப் பின்பற்றி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் வந்துவிட்டன. எல்லோரும் வெட்டுகிறார்கள். நம் ஊர் லயக்காரர் வெட்ட மாட்டார். மிச்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த மிச்சத்தையே ஒரு முத்தாய்ப்பாக்கி, மூன்று முறை சொல்லி, சமத்தில் கொண்டு போய் இறக்குவார். வெட்டினால் கேட்பவருக்குத் தடுமாற்றம் கிடைக்கும். இறக்கினால் தடுமாற்றமும் கிடைக்கும், அதன் முடிவில் வந்து சேர்ந்த திருப்தியும் கிடைக்கும். மெட்டலில் இன்னும் யாரும் சரியாகத் தோண்டாத இடம் இது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். எட்டு பார், பாருக்கு நாலு அடி, அடிக்கு நாலு மாத்திரை: 128 மாத்திரை. ஆதி தாளத்தில் இது சரியாக நாலு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று). ரிஃப் ஏழு மாத்திரை: தகிட தகதிமி. முதல் 'த'வில் திறந்த அடிக்கம்பி, 'கிட' உள்ளங்கையால் அமுக்கியது, இரண்டாவது 'த'வில் ஒரு சுரம் மேலே, 'கதிமி' மறுபடி அமுக்கியது. இதை வெட்டு முறையில் செய்தால் 18 முறை போய் 126, மிச்சம் 2, வெட்டு. நம் முறையில் 14 முறையோடு நிறுத்துங்கள்: 98. மிச்சம் 30. அந்த முப்பதை மூன்று பத்தாக்குங்கள். பத்து என்பது அதே ஏழோடு ஒரு மூன்று: தகிட தகதிமி தகிட. கடைசி 'தகிட'வை மட்டும் மேல் கம்பிகளில் கூராக அடியுங்கள். மூன்று பத்து முப்பது, அடுத்த அடி சமம். 98-க்கும் 30-க்கும் சரியாக 128.

இதில் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. 98 மாத்திரை என்பது இருபத்து நாலரை அடி. அதாவது முத்தாய்ப்பு நாலாம் ஆவர்த்தனத்தின் சமம் தாண்டி அரை இடத்தில் எடுக்கிறது. சிம்பல் சமத்தை அடித்த பிறகு கிடார் அரையில் பாய்கிறது. கேட்பவர் வழி தவறுகிற இடமும் கூர்ந்து கேட்க ஆரம்பிக்கிற இடமும் ஒன்றாகவே அமைகிறது.

எங்கே தப்பு நடக்கும்? டிரம்மர் சிம்பலை விட்டுவிட்டு கிடாரோடு ஓடிவிடுவார். அப்படிச் செய்தால் நேரான அடி மறைந்து எல்லாமே கோணலாகக் கேட்கும். எதிலிருந்து நழுவுகிறது என்று காதுக்குத் தெரிந்தால்தான் நழுவலே தெரியும். வலது கை சிம்பல் நாலு, ஸ்நேர் பாரின் மூன்றாவது அடி, கால் மட்டும் கிடாரோடு. இந்தப் பங்கீட்டை முதலில் வாத்தியம் இல்லாமல் செய்ய வேண்டும். கையில் ஆதி தாளம், வாயில் சொற்கட்டு. நாலு பேரும் வாயால் 128-ஐச் சொல்லி சமத்தில் சேர்ந்து விழுகிற வரைக்கும் கிடாரைத் தொடாதீர்கள். வாயில் வராதது கையில் வராது என்பது எந்தத் தவில் வாத்தியாரும் முதல் வாரத்திலேயே சொல்வதுதான்.

இரண்டாவது, திரிகாலம். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரி பெரும்பாலும் கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தாளச் சொற்கட்டாகவே நிற்கிற உருப்படி. ரிஃபுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் கர்நாடக இசையில் கிடையாது. அதை மூன்று காலத்திலும் வாசிப்பது மரபு. தாளம் அசையாது, சொற்கட்டு மட்டும் இரட்டிக்கும், நாலு மடங்காகும். மெட்டலில் மெதுவான டூம் வகையிலிருந்து வேகமான டெத் வகைக்குப் போக வேண்டுமென்றால் டெம்போவையே மாற்றுவார்கள், இல்லை வேறு ரிஃபுக்குப் போவார்கள். ஒரே ரிஃபை, தாளத்தை அசைக்காமல், கீழ்க்காலத்தில் டூமாகவும் மேல்காலத்தில் டெத்தாகவும் ஆக்கினால் அது வேறு அனுபவம்.

இதற்கு டெம்போவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்தால் முதல் காலம் வினாடிக்கு 4 மாத்திரை, இரண்டாம் காலம் 8, மூன்றாம் காலம் 16. கடைசியில் கிக் கால் வேலை செய்யாது, செய்தாலும் உறுமல்தான். 45-இல் வையுங்கள்: 3, 6, 12. வினாடிக்குப் பன்னிரண்டு என்பது 180 டெம்போவில் பதினாறாம் பங்கு அடிப்பது. நல்ல டிரம்மருக்கு இது கஷ்டமில்லை. 45-இல் தாளம் போடுவதுதான் உண்மையில் கஷ்டம். இரண்டு அடிக்கு நடுவே உள்ள இடைவெளியில் எல்லோரும் முந்துவார்கள்.

நடை (ஒரு அடியை எத்தனை மாத்திரையாகப் பிரிப்பது என்பது) மாற்றத்துக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. 120 டெம்போவில் சதுஸ்ரம் (நாலு) வினாடிக்கு 8 அடி. அதே தாளத்தில் கண்ட (ஐந்து) நடைக்குப் போனால் 10, டபுள் கிக்குக்கு அது 150 டெம்போ சதுஸ்ரத்துக்குச் சமம். மிஸ்ர (ஏழு) நடைக்குப் போனால் 14, அதாவது 210-க்குச் சமம். டிரம்மரின் கால் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு அடிப்படை டெம்போவை வையுங்கள். 90-இல் வைத்தால் மிஸ்ரம் பத்தரை, ஓடிவிடும். கண்டத்தில் இன்னொரு சிக்கல்: ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு அடியிலும் தொடங்குகிற கால் மாறும். வலது, இடது, வலது, இடது. வலது காலில் மட்டுமே பழகியவர் இரண்டாவது அடியிலேயே தடுக்கி விழுவார். தகதகிட என்று சொல்லிக்கொண்டே தினம் பத்து நிமிடம் மெதுவாகப் பழகினால் சரியாகும்.

தாளம் இவ்வளவு போதும். இனி சுருதி.

டிஸ்டார்ஷன் ஏன் பவர் கார்டை (ஒரு சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது) மட்டும் விரும்புகிறது? இரண்டு சுரங்களை ஒன்றாக நசுக்கினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுரங்கள் பிறக்கும். ஸ–ப என்ற உறவில் அவை ஒன்றுக்கொன்று பொருந்தி விழுகின்றன. காந்தாரத்தைச் சேர்த்தால், கிடாரின் சம அளவுக் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருப்பதால், கரகரப்பு வருகிறது. அதனால் மெட்டல் தன்னையறியாமலே மேற்கத்திய ஹார்மனியை விட்டு விலகி, ஸட்ஜம்–பஞ்சமம் என்ற ஆதாரத்தின்மேல் ஒற்றை வரிச் சங்கீதமாக மாறியது. தம்புரா வைத்துப் பாடுகிற நமக்கு அது பழகிய வீடு. பழைய நாதஸ்வர செட்டில் ஒத்து என்று ஒன்று இருக்கும், சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டே இருப்பது. இன்று சுருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. டூம் வாசிக்கிறவர்கள் ஒத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மெதுவான ரிஃபின் கீழே ஒத்து நின்றால் அந்த அடர்த்தி எந்த சிந்தசைசரிலும் வராது.

ஆனால் பவர் கார்டை ராகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தக் கூடாது. கம்பீர நாட்டையின் சுரங்கள் ஸ, அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், ப, காகலி நிஷாதம். காந்தாரத்தில் பவர் கார்ட் போட்டால் மேலே நிஷாதம் வருகிறது, சரி. மத்யமத்தில் போட்டால் மேல் ஸட்ஜம், சரி. பஞ்சமத்தில் போட்டால் சதுஸ்ருதி ரிஷபம் நுழைந்துவிடும். நிஷாதத்தில் போட்டால் பிரதி மத்யமம். ராகத்தில் இல்லாத இரண்டு சுரம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும், நாதஸ்வரக்காரர் முகம் சுளிப்பார், ஏன் என்று உங்களுக்குப் புரியாது. பஞ்சமத்தில் மேலே ஸட்ஜத்தை வையுங்கள், நிஷாதத்தில் ஒற்றைச் சுரமோ ஆக்டேவோ போதும். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி மாதிரி பஞ்சமமே இல்லாத ராகமென்றால் ஸ–ம.

ராகத் தேர்வில் ஒரு வார்த்தை. தோடியின் சுரங்களை மட்டும் எடுத்தால் அது த்ராஷ்காரர்கள் நாற்பது வருடமாக உழுதுகொண்டிருக்கிற ஃபிரிஜியன் என்ற மேற்கத்திய சுர வரிசை. மாயாமாளவகௌளையை 'அரபு வாசனைக்கு' என்று எல்லோரும் பிழிந்துவிட்டார்கள். பிளாக் சப்பாத்தின் முதல் தட்டின் முதல் ரிஃபே ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம் என்ற மூன்று சுரம்தான். அந்தப் பிரதி மத்யமத்தோடு சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமும் சேர்கிற சுபபந்துவராளியில் மெட்டலுக்கு வேண்டிய இருட்டு அத்தனையும் இருக்கிறது. ஆனாலும் ராகம் சுரப்பட்டியலில் இல்லை, கமகத்தில் (சுரத்தை அசைப்பதில்) இருக்கிறது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஃபிரிஜியன் என்று யாராவது சொல்ல முடியுமா?

கிடாரில் கமகம் என்றால் கம்பியை இழுப்பது, இல்லை வழுக்குவது. கனத்த கம்பியை இறுக்கமாகக் கட்டினால் இழுக்க முடியாது. மெலடி வாசிக்கிற கிடாருக்கு 10 தடிமனில் தொடங்குகிற கம்பி, ரிஃப் வாசிக்கிற கிடாருக்கு அடியில் 52 தடிமன் உள்ள கம்பி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த ஸ்காலப் பலகை இருந்தால் அசைவு இன்னும் சுலபம். ஒன்று மட்டும் கவனம்: கமகத்தை ஒற்றைக் கம்பியில் மட்டும் செய்யுங்கள். இரண்டு சுரம் ஒலிக்கும்போது ஒன்றை ஆட்டினால் டிஸ்டார்ஷன் அதைச் சேறாக்கிவிடும்.

சுருதி சேர்ப்பதில்தான் முதல் ஒத்திகையே சண்டையில் முடியும். பாரி நாதஸ்வரம் (நீளமானது, தாழ்ந்த சுருதி) பொதுவாக 2 அல்லது 2½ கட்டை. 2 கட்டை என்றால் கிடாரில் டிராப் டி: அடிக்கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கினால் கீழ் மூன்று கம்பியும் ஸ–ப–ஸ ஆகிவிடும். 2½ என்றால் அதே அமைப்பில் முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற கவ்வி). திமிரி (குட்டையானது) என்றால் 4, 5 கட்டை, கிடாருக்கு அவ்வளவு வசதி இல்லை, அதனால் பாரிக்காரரையே தேடுங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரி வாங்கவோ பார்க்கவோ உங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

டியூனரை 440-இல் வைத்துக்கொண்டு "உங்க நாதஸ்வரம் ஏறியிருக்கு" என்று வித்வானிடம் சொல்லாதீர்கள். அது மரம். துளை போட்ட இடம் போட்ட இடம்தான். சீவாளியை (ஊதுகிற நாணல்) கெண்டையில் (அதைச் செருகுகிற சிறு குழாய்) கொஞ்சம் உள்ளே தள்ளி வெளியே இழுத்து, உதட்டால் அணைத்து, அவர் சரிசெய்யக்கூடியது சிறிதளவே. வாசிக்க வாசிக்கச் சுருதியும் ஏறும். ஆகவே அவர் பத்து நிமிடம் வாசித்துச் சூடான பிறகு ஸட்ஜத்தை நீட்டச் சொல்லி, டியூனரில் எத்தனை சென்ட் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். 20 சென்ட் ஏறியிருந்தால் டியூனரின் ஆதாரத்தை 445-க்கு மாற்றி, கிடாரும் பேஸும் அதற்கு வர வேண்டும். இடைவேளைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை.

பதிவில் மோதல் வருகிற இடம் இரண்டு. நாதஸ்வரத்தின் கூர்மையும் டிஸ்டார்ஷன் கிடாரின் கூர்மையும் ஒரே இடத்தில், கிட்டத்தட்ட 1000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) கிடாரின் 2000–3500 பகுதியை 3 டெசிபெல் இறக்கலாம். ஆனால் அதைவிட நல்ல வழி எழுதும்போதே பிரிப்பது. நாதஸ்வரம் வாசிக்கும்போது கிடார் கீழே அமுக்கிய ரிஃபில் இருக்கட்டும், இரண்டும் ஒரே மெலடியைச் சேர்ந்து வாசிக்க வேண்டாம். சேர்ந்து வாசித்தால் கமகத்தில் இரண்டும் விலகுகிற ஒவ்வொரு இடமும் அபசுரமாகத் தெரியும். மைக்கை அணசுக்குள் (நாதஸ்வரத்தின் அகன்ற வாய்) நீட்டாதீர்கள். சத்தம் துளைகளிலிருந்தும் வருகிறது, அணசில் மட்டும் பிடித்தால் கீழ்ச்சுரங்கள் வெடிக்கும், மேல் சுரங்கள் ஒல்லியாகும். ஒன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, துளைகளின் நடுவைப் பார்த்து ஒரு எஸ்.எம்.57 மைக் போதும்.

தவிலின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஸ்நேரோடு மோதும். இரண்டும் ஒரே மாதிரி வெடிப்பு. தவில் வாசிக்கிற பகுதியில் ஸ்நேரை எடுத்துவிடுங்கள், டிரம்மருக்குக் கிக்கும் சிம்பலும் மட்டும். பெரும்பாலான டிரம்மர்களுக்கு இது மானப் பிரச்சினை. பேசிப் புரிய வையுங்கள். வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) கிக் டிரம்முக்கு வைக்கிற மாதிரி பெரிய டைனமிக் மைக் ஒன்று. தவிலைத் தனி அறையில் வையுங்கள், ஒரே அறையில் வைத்தால் எல்லா மைக்கிலும் தவில்தான் இருக்கும்.

கிளிக்கை (டெம்போ காட்டுகிற தட்டல் ஓசை) காதில் கொடுத்துத் தவிலை வாசிக்கச் சொன்னால் உயிர் போய்விடும். முதலில் தாளமும் தவிலும் தானாக வாசித்துப் பதியட்டும். பிறகு மென்பொருளில் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் குறி வைத்து டெம்போவை அதற்கு வளைத்துக்கொண்டு, மெட்டல் குழு அதன்மேல் வாசிக்க வேண்டும். வேலை இரட்டிப்பு. ஆனால் எல்லாத் தட்டும் ஒரே தட்டாகக் கேட்கிற நோய்க்கு இதைவிட நேரான மருந்து கிடையாது. தவிலை எந்தக் காரணத்துக்காகவும் குவாண்டைஸ் செய்யாதீர்கள்.

பறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடிக்குச்சியும் சிண்டுக் குச்சியும் தருகிற இரண்டு வேறு ஓசை, பிளாஸ்ட் பீட்டுக்கு (மெட்டலின் அதிவேக டிரம் அடி) தவிலைவிட நன்றாகப் பொருந்தும். டெல்டாவின் ஈரக்காற்றில் தோல் தளரும். வெளியே வைக்கோல் தீயில் காய்ச்சி உடனே உள்ளே கொண்டு வந்து பதிய வேண்டும், தளர்ந்ததும் மறுபடி காய்ச்ச வேண்டும். தவிலுக்கு நாற்காலி, பறைக்குத் தரை என்ற பழைய பழக்கத்தை உங்கள் மேடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூலியும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வார்த்தைகள். உறுமல் குரலில் சுருதி போய்விடும், ல-ள-ழ வேறுபாடும் போய்விடும். மிஞ்சுவது வல்லின ஒற்று: க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற. தமிழில் அது தாராளமாக இருக்கிறது. தத்தத்தன தத்தத்தன என்று ஓடுகிற திருப்புகழ்ச் சந்தங்கள் எழுதப்படும்போதே தாளமாக எழுதப்பட்டவை. சந்தத்தை முதலில் ரிஃபின் மாத்திரைக்குப் போட்டுவிட்டு, பிறகு அதில் சொல்லை நிரப்புங்கள். சொல்லை எழுதிவிட்டு ரிஃபில் திணிக்காதீர்கள். பொருளுக்கு வைக்கிங்குகளைத் தேடிப் போகவும் வேண்டாம். போர்க்களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் அடுகிற காட்சியை ஜெயங்கொண்டார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். அவர் ஊர் திருவாரூர்ப் பக்கத் தீபங்குடி என்பார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தும் தலைஞாயிறு, வேதாரண்யம் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் காத்திருப்பது டூமுக்கான பொருள். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்த தென்னந்தோப்புகள் இருக்கின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது இருக்கிறது. ஆனால் அதை மண்டை ஓட்டு அட்டைப்படத்தோடு செய்வதானால் செய்யாமலிருப்பதே மேல்.

வித்வான்களை அணுகுவதில் சில நடைமுறை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியில் கேளுங்கள். கோயில் உருப்படியை அப்படியே எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள், சிலர் மல்லாரியைப் புறப்பாட்டுக்கு வெளியே வாசிக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அப்போது அதே கம்பீர நாட்டையில் நீங்களே புதுச் சொற்கட்டு போட்டுக்கொள்ளலாம். மேடையில் தலைகீழ்ச் சிலுவையோ மண்டை ஓடோ வைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சின்ன அறையில் நூறு வாட் ஆம்பும் தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வேண்டாம். கிடாரை மாடலர் (ஆம்ப் ஒலியைப் போலச் செய்கிற கருவி) வழியாக ஹெட்ஃபோனில் கொடுங்கள், எல்லோரும் காதடைப்பான் போடுங்கள்.

முதல் ஒத்திகைக்கு முழுப் பாட்டோடு போகாதீர்கள். மேலே சொன்ன 128 மாத்திரையை மட்டும் கொண்டு போய், கையால் தாளம் போட்டு, தவில்காரர் முன்னால் வாயால் சொல்லிக் காட்டுங்கள். அனேகமாக அவர் சிரித்துவிட்டு, 14-ஐ 12 ஆக்கி, மிச்சம் வருகிற 44-இல் உங்களுக்குத் தோன்றாத வேறொரு கோர்வையைச் சொல்வார். அப்போது போனில் ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருக்கட்டும், ஏனென்றால் இரண்டாவது முறை கேட்டால் அவர் அதையே சொல்ல மாட்டார், இன்னொன்று சொல்வார்.